பெண் ஒரம்பரைகளுக்கு மட்டும்

ராமாமணி மாட்டை விற்றபோது ஊர் ஒன்றும் சொல்லவில்லை. மாடு கட்டியிருந்த கட்டுத்தரைக்கு நாலு பக்கமும் சுவர் எழுப்பி, தரைக்குச் சிமிட்டி பூசி, கட்டில் வாங்கிப் போட்டாளே, அதைத்தான் ஊரால் தாங்க முடியவில்லை.

“மாடு கட்டுன எடத்துல மனுசங்களைக் கட்டப் போறாளாமா!” என்று பீளமேட்டில் அவள் சந்து முழுக்க ஒரே பேச்சு. பேசியவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். சொந்தம் என்றால் அப்படித்தான். விழுந்தால் தூக்கிவிட வராது. எழுந்தால் மட்டும், எப்படி எழுந்தாய் என்று விசாரிக்க வந்துவிடும்.

அவள் எழுந்தே ஆகவேண்டியிருந்தது. புருஷன் அங்கப்பனுக்கு வந்த நோய் முதலில் விளைகிற காட்டைத் தின்றது, பிறகு அவரைத் தின்றது. பிள்ளைகுட்டி கிடையாது. மிச்சம் இருந்தது வீடு ஒன்றுதான். அதிலும் பாதி, அவருடைய தம்பி வேலுமணிக்கு. வேலுமணி கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்று சொல்ல ஆள் கிடைக்காது, அவ்வளவுதான். அண்ணன் மனைவி என்ற மரியாதைக்கு ‘நங்கை’ என்று கூப்பிடத் தவறமாட்டார். கருமாதி முடிந்து, வந்த சனம் கலைவதற்குள் அவளிடம் வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங் நங்கை, இத்தாப்பெரிய ஊட்டை வெச்சுக்கிட்டு ஒண்டியா என்ன பண்ணப் போறீங்க? வித்துப்போடலாம். கல்யாண மண்டபம் கட்டறதுக்குத் தோதுன்னு ஆளுக கேக்கறாங்க. எங்கூட்டுல உங்களுக்கு ஒரு ரூம்பு ஒதுக்கித் தாரேன். அரிசி பருப்புக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டேன்.”

வேலுமணி வீட்டில் ஒதுக்கித் தரும் அறை எப்படி இருக்கும் என்று ராமாமணிக்குத் தெரியும். அந்த வீட்டுச் சமையலறையில் அவர் மனைவி போட்டதைத் தின்று, போடாததைக் கேட்காமல், சாகும்வரை நன்றியோடு இருக்கவேண்டும்.

“வேண்டாமுங்க தம்பி. நான் இந்த ஊட்டுலயே இருந்து பொழைச்சுக்கறேன்.”

வேலுமணி சிரித்தார். சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். “சரி, பொழைங்க. நான் குறுக்கால நிக்கல. ஆனா என்னைக்கு எங்கூட்டுக்கு அரிசிக்குன்னு வாரீங்களோ, அன்னைக்கு மறுபேச்சுப் பேசாம விக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டுப்போடோணும்.”

“போடறனுங்க” என்றாள் ராமாமணி. அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்.

சந்தின் முனையில் குடியிருந்த பேங்க் கிளார்க்தான் அவளுக்கு அந்த யோசனையைச் சொன்னது. சுற்றிலும் காலேஜ், ஆஸ்பத்திரி, மில். வெளியூர்ப் பெண்கள் தங்க இடமில்லாமல் அலைகிறார்கள். வீட்டில் அறை கொடுத்துச் சாப்பாடும் போட்டால் பேயிங் கெஸ்ட் என்று சொல்வார்கள் என்று. அறை கொடுப்பதில் ராமாமணிக்குத் தயக்கம் இல்லை. சாப்பாடுதான் இடித்தது. காசு வாங்கிக்கொண்டு சோறு போடுவதா? அவளுடைய ஆட்களிடையே பொய் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், சோற்றை விற்றால் பொறுக்கமாட்டார்கள். நாய் விற்ற காசு குரைக்காது என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறது. சோறு விற்ற காசு மட்டும் கொங்கு நாட்டில் குரைக்கும் போலிருக்கிறது.

ராமாமணி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். “காசு ரூமுக்கு. சோறு சும்மா” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். விருந்தாளிக்குச் சோறு போட்டால் அது வியாபாரமா? அந்த நியாயத்தில் அவளுக்கே ஒரு பிடிப்பு வந்துவிட்டது. அதனால் போர்டு எழுத வந்த பெயின்டர், ஹாஸ்டல் என்று போடட்டுமா, மெஸ் என்று போடட்டுமா என்று கேட்டபோது, கோபம் வந்துவிட்டது.

“மெஸ்ஸாவது கிஸ்ஸாவது! கெஸ்ட்டுன்னா யாரு? ஒரம்பரைதானே? அதையே எழுதுங்க.”

பெயின்டரும் அந்தப் பக்கத்து ஆள். அவருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. மஞ்சள் தகரத்தில் பச்சை எழுத்தில் அழகாக எழுதிக் கொடுத்தார்: ‘பெண் ஒரம்பரைகளுக்கு மட்டும் இடம் உண்டு. உள்ளே விசாரிக்கவும்.’

அந்தச் சொல்லுக்கு இரண்டு கால். ஒன்று விருந்தாளி, இன்னொன்று சொந்தக்காரர். சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் வீட்டுக்குள் வந்து கை நனைக்காத காலத்தில் உண்டான சொல், அதனால் இரண்டு காலும் ஒரே பக்கமாக நடந்துகொண்டிருந்தன. ராமாமணி விருந்தாளி என்று நினைத்து எழுதச் சொன்னாள். படித்தவர்கள் அவரவருக்கு வேண்டியதைப் படித்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தவர் உடுமலைப்பேட்டை ஐயாசாமி. தென்னந்தோப்புக்காரர். மகள் கீதாவைக் காலேஜில் சேர்த்துவிட்டு, தங்க வைக்க இடம் தேடிக் காரில் வந்தவர், போர்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டார்.

“ஒரம்பரைன்னு போட்டிருக்கறதப் பார்த்ததும் மனசு நெறைஞ்சு போச்சுங்க அம்மணி. இந்தக் காலத்துல இப்படி யாரு நெனைக்கறாங்க?”

தன் வீட்டு உபசாரத்தைத்தான் மெச்சுகிறார் என்று ராமாமணி பூரித்துப் போனாள். ஐயாசாமி அதோடு நிற்கவில்லை. தம் சொந்தத்தில் இன்னும் இரண்டு பெண்களையும் கொண்டுவந்து சேர்த்தார். வேலுமணிக்கும் அவர் ஏதோ ஒரு வகையில் உறவு என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

நாலாவது கட்டிலுக்கு வந்தவர் பிரான்சிஸ். வால்பாறையில் தேயிலைப் பேக்டரியில் பிட்டர் வேலை. மகள் இனியாவுக்கு அவிநாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. அப்பனும் மகளும் பையோடு கேட்டுக்கு வெளியே நின்று அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராமாமணி மாவு பிசைந்த கையோடு எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஒரம்பரைன்னு போட்டிருக்குதுங்களே” என்று பிரான்சிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். “எங்களையும் சேத்துவீங்களா?”

“ஊட்டுக்கு வந்தவங்கதானுங்களே ஒரம்பரை? வெய்யில்ல நிக்காம உள்ள வாங்க.”

பிரான்சிஸ் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மலைப்பாதையில் பஸ்ஸில் வந்த கிறுகிறுப்பு என்று நினைத்து ராமாமணி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள்.

இனியா வந்தபிறகுதான் அந்த வீட்டில் சத்தம் வந்தது. மற்ற மூன்று பெண்களும் ‘சரிங்க ஆண்ட்டி’ என்பதோடு நின்றுவிடுவார்கள். இவள் வந்த மறுநாளே, ராமாமணி போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “இது டீயில்லீங்க ஆண்ட்டி, பாத்திரம் கழுவுன தண்ணி” என்றாள். ராமாமணிக்குச் சுருக்கென்று வந்தது. “அப்படின்னா நீயே போடு அம்மணி, பாப்போம்” என்று கரண்டியைக் கொடுத்துவிட்டாள். வால்பாறைத் தூள் போட்டு இனியா போட்ட டீயைக் குடித்ததும், அதற்குமேல் அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் டீ போடக்கூடாது என்று ராமாமணியே உத்தரவு போட்டாள். மழைநாளில் கட்டுத்தரைச் சுவரில் இன்னமும் மாட்டு வாசம் அடிக்கும். கீதா மூக்கைப் பொத்துவாள். “எங்க மலையாட்டம் காலுல அட்டை ஏறாத ஊட்டுல மாட்டு வாசத்துக்கெல்லாம் மூக்கைப் பொத்துனா எப்படி?” என்று இனியா சிரிப்பாள். அந்தப் பெண்மேல் தனக்கு ஒரு தனிப் பிரியம் என்பதை ராமாமணி மறைத்துப் பார்த்தாள். சோற்றுக்கு விடும் நெய் காட்டிக்கொடுத்துவிட்டது.

கெடுதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தது. ஐயாசாமி மகளைப் பார்க்க வந்தார், கூடவே வேலுமணி. பிரான்சிஸும் மகளுக்குத் துணிமணி கொண்டுவந்து முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இனியா எல்லாருக்கும் டீ கொடுத்தாள். ஐயாசாமி உறிஞ்சிக் குடித்து, “அடடா, டீன்னா இது டீ!” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த பிரான்சிஸிடம் சாவகாசமாகப் பேச ஆரம்பித்தார். கொங்கு நாட்டில் இரண்டு பேர் முதல்முதலாகச் சந்தித்தால் பேச்சு ஊரில் தொடங்கி, கூட்டம் என்கிற குலப்பிரிவில்தான் போய் நிற்கும்.

“நமக்குப் பூர்வீகம் எந்தப் பக்கமுங்க?”

“தாராபுரத்துக்கு இந்தப் பக்கமுங்க.”

“அப்படீங்களா! நமக்கு அங்கெல்லாம் ஏகப்பட்ட ஒரம்பரை. நீங்க என்ன கூட்டமுங்க?”

பிரான்சிஸ் டம்ளரைக் கீழே வைத்தார். ஒளிக்கவில்லை. “நாங்க எந்தக் கூட்டமும் இல்லீங்க. எங்க பாட்டன் காலம் வரைக்கும் அங்க ஒரு தோட்டத்துல பண்ணையாளுங்க. அப்பறந்தான் எஸ்டேட்டு வேலைக்கு மலையேறுனது.”

ஐயாசாமியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. டம்ளரைப் பார்த்தார். குடித்த டீ உள்ளே போயாகிவிட்டது, அதற்கு இனி என்ன செய்ய முடியும்? எழுந்து, “அம்மணி, சித்த இப்படி வாங்க” என்று ராமாமணியைப் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலுமணியும் பின்னாலேயே போனார்.

“என்னுங்க இது? ஒரம்பரைன்னு போர்டு போட்டுட்டு இப்படிப் பண்ணிப்போட்டீங்க? நம்ம சனத்துப் புள்ளைகளுக்குன்னு நம்பித்தான மூணு பேர்த்தக் கொண்டாந்து உட்டேன்?”

ராமாமணிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கியதும் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று குத்தியது உண்மை. அவளும் அதே மண்ணில் பிறந்தவள்தான். டீ போடும் பாத்திரம் ஒரு கணம் கண்ணில் வந்து போனது. அப்படி வந்துபோனதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. உடனே இன்னொன்றும் விளங்கியது. ‘எங்களையும் சேத்துவீங்களா’ என்று பிரான்சிஸ் கேட்டது கட்டிலைப் பற்றி அல்ல. அந்த மனிதர் எதைக் கேட்கவேண்டுமோ அதை நேராகக் கேட்டிருக்கிறார். அவள்தான் மாவுக் கையோடு, என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே வாக்குக் கொடுத்திருக்கிறாள். தெரியாமல் கொடுத்த வாக்கு வாக்காகாது என்று வாதாடலாம். வக்கீல் வைத்து வாதாடினால் ஜெயிக்கவும் செய்யலாம்.

“அந்தப் புள்ளையைத் தாட்டி உட்டுருங்க” என்றார் ஐயாசாமி. “இல்லாட்டி மூணு புள்ளைகளையும் நான் இப்பவே கூட்டிட்டுப் போயிருவேன்.”

“யோசிச்சுச் சொல்லுங் நங்கை” என்று வேலுமணி தேன் ஒழுகச் சொன்னார். “மூணு பேரும் போயிட்டா அப்பறம் அரிசிக்கு எங்கிட்டத்தான வரோணும்?”

ராமாமணி நேராகக் கட்டுத்தரை அறைக்குப் போனாள். இனியா அதற்குள் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்டிருக்கிறது. பிரான்சிஸ் வாசல்படிக்கு வெளியே தலை குனிந்து நின்றார்.

“எங்களால உங்களுக்கு இக்கிட்டு வேண்டாமுங்க. நான் அன்னைக்கே கேட்டனுங்களே…”

“கேட்டீங்க. நானும் சொன்னேன். சொன்னது சொன்னதுதானுங்க.”

இனியாவின் கையிலிருந்த பையைப் பிடுங்கினாள். அவள் விடாமல் இழுத்தாள். இவள் அதைவிட வேகமாக இழுத்தாள். பையைக் கட்டிலின்மேல் கவிழ்த்துக் கொட்டி, “மடிச்சு வெய்யி கண்ணு” என்று சொல்லிவிட்டுப் பின்வாசலில் நின்ற ஐயாசாமியிடம் வந்தாள்.

“உங்க புள்ளைகளைக் கூட்டிட்டுப் போறதத் தடுக்கறதுக்கு எனக்குப் பாத்தியதை இல்லீங்க. கூட்டிட்டுப் போங்க. எங்கூட்டுக்கு வந்த ஒரம்பரையைப் போகச் சொல்றதுக்கு உங்களுக்கும் பாத்தியதை இல்லீங்க.”

கீதா அழுதுகொண்டே போய்க் காரில் ஏறினாள். மற்ற இரண்டு பெண்களும் ஏறினார்கள். வேலுமணி போகிறபோது வீட்டின் மோட்டுவளையை ஒருமுறை நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார், வாங்க வருகிறவனிடம் சொல்வதற்குக் கணக்கெடுப்பதுபோல.

வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அத்தனை பேருக்கும் ஆக்கிய சோறு அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்தது. ராமாமணி எப்போதும் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடுகிறவள். அன்று மூன்று வட்டலை வரிசையாக வைத்து, அப்பனையும் மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தாள். பொய் சொல்வானேன், முதல் வாய் தொண்டையில் நின்றது. தண்ணீரைக் குடித்து இறக்கினாள். இரண்டாவது வாய்க்கு அவ்வளவு சிரமமில்லை. மூன்றாவது வாயில் ரசத்துக்கு உப்புக் குறைவு என்று தெரிந்தது.

“உப்பு பத்தலீல்ல?” என்றாள்.

“சுத்தமாப் பத்தல ஆண்ட்டி” என்றாள் இனியா. அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு.

அதற்குப்பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள் அல்ல. ஒரு பெண்ணின் வாடகையில் ஒரு வீடு ஓடாது. ராமாமணி ராகிக் களிக்கு மாறினாள். அரிசிச் சோறு இனியாவுக்கு மட்டும். அவள் அதைக் கண்டுபிடித்து, “எனக்கும் களிதான் புடிக்கும்” என்று முழுப் பொய் சொன்னாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. வேலுமணி மட்டும் சந்தில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார், வருகிறாளா என்று பார்க்க. ராமாமணி களத்துக் கல்லாட்டம் அசையவில்லை. பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று மனதுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள். ஆனால் சும்மா கிடந்து பட்டினியாகச் சாவது பிடிவாதம் ஆகாது, முட்டாள்தனம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“ஏங் கண்ணு, உங்க ஆஸ்பத்திரில தங்க எடமில்லாத புள்ளைக இன்னும் இருக்கறாங்களா?”

“எங்களுக்கு யாருங்க ஆண்ட்டி ஊடு குடுப்பாங்க? நைட் டூட்டின்னு சொன்னாலே கதவைச் சாத்திருவாங்க. ராத்திரில வெளிய போற புள்ளைகன்னா ஊரு என்ன பேசும்னு.”

“ஊரு என்னைப் பேசாத பேச்சா? இனிப் புதுசா என்ன பேசறதுக்கு இருக்குது? கூட்டிட்டு வா.”

வந்தார்கள். கூடலூரிலிருந்து ஒருத்தி, பாலக்காட்டிலிருந்து ஒருத்தி, பொள்ளாச்சியிலிருந்து உம்மல் குல்சும் என்று ஒரு பெண். வந்தவர்கள் தங்கள் சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கட்டுத்தரை அறை நிறைந்தது. அங்கப்பன் இருந்த அறையைத் திறந்துவிட்டாள், அதுவும் நிறைந்தது. கடைசியில் தன் கட்டிலையும் கொடுத்துவிட்டுச் சமையலறையில் பாய் விரித்துக்கொண்டாள். நேரங்கெட்ட நேரத்தில் கேட் சத்தம் கேட்டுச் சந்து முழுக்க ஜன்னல்கள் திறந்தன. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ராமாமணி மூடி தேடவே இல்லை. வாசல் விளக்கைப் போட்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்று, தானே போய்க் கேட்டைத் திறந்துவிட்டாள்.

அரிசிக்கு வருவாள் வருவாள் என்று காத்திருந்த வேலுமணிக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. அவளுக்கு மானம் தடுக்கிறது, ஆளைக் கண்ணில் காட்டினால் வழிக்கு வருவாள் என்று நினைத்தாரோ என்னவோ, வீடு வாங்குகிற திருப்பூர்க்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உச்சிப்பொழுது. முன்கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொள்ளு ரசத்தின் வாசம் கேட் வரைக்கும் வந்தது.

“வாங்க, வாங்க” என்றாள் ராமாமணி. “சாப்பிடற நேரத்துக்குத்தான் வந்திருக்கறீங்க. கை கழுவிட்டு உக்காருங்க.”

திருப்பூர்க்காரர் நல்ல பசியில் இருந்தார் போலிருக்கிறது. யார் எவர் என்று கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, இனியாவுக்கும் உம்மல் குல்சுமுக்கும் நடுவில் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். வேலுமணி வாசலைத் தாண்டவில்லை.

“ஏனுங் நங்கை, எனக்கு உள்ள தனியா ஒரு எலையப் போட்டுருங்களே.”

“உள்ள எடமில்லீங்க தம்பி. ராத்திரி வேலைக்குப் போயிட்டு வந்த புள்ளைக எல்லா ரூம்லயும் தூங்குது. உக்காந்தா இந்தப் பந்தியிலதான்.”

வேலுமணி குரலைத் தாழ்த்தினார். “அதெப்படிங்க? இவங்க கூட…”

“அப்படின்னா நில்லுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. இருக்கிற நிலவரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அந்த வாசலில் சோற்றுக்கு நின்று பழகிய தலைமுறைகள் உண்டு. வேலுமணியின் வகையறா ஒருநாளும் நின்றதில்லை. அதனால் எப்படி நிற்பது என்று தெரியாமல், வெயிலில் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டிருந்தார்.

திருப்பூர்க்காரர் சோற்றைப் பிசைந்தபடி வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு வாசல் பக்கம் தலையைத் திருப்பினார்.

“ஏனுங்க வேலுமணி, இந்த ஊட்டையா காலியாக் கெடக்குதுன்னு சொன்னீங்க?”

ராமாமணி ரசச்சட்டியை எடுத்துக்கொண்டு பந்திக்கு நடுவே போனாள். “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?” என்று கேட்டாள்.